சங்கைக் கோட்டில் வரைந்தால் ஏன் லோகோ ஆகிவிடுகிறது?

19.04.2025, காலை (கேள்வி: தேவிபட்டினம் தம்பி)

அண்ணே, பென்சிலில் நிழல் கொடுத்துச் சங்கு வரைந்தால் போட்டோ மாதிரியே இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதையே பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் மாதிரி வெறும் கோட்டில் போட்டால் செத்துப்போகிறது. பூஜை சாமான் கடை விசிட்டிங் கார்டில் ஒரு சங்கு இருக்குமே, அதுதான் வருகிறது. அவர் ஏழெட்டுக் கோட்டில் பழத்தட்டு போட்டால் கலை, நான் போட்டால் லோகோவா? அந்தக் கோட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் பெயரில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டு படத்தையும் இணைத்திருக்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை.

19.04.2025, இரவு

பெயருக்கு மதிப்பு ஏலத்தில் உண்டு, காகிதத்தில் கிடையாது. உன் நிழல் சங்கையும் கோட்டுச் சங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதில் நீ சங்கைப் பார்த்திருக்கிறாய். இரண்டாவது வரையும்போது சங்கு எதிரில் இல்லை, உன் நிழல் படம்தான் இருந்திருக்கிறது, அதன் ஓரத்தை உருவி எடுத்திருக்கிறாய். எப்படித் தெரியும் என்று கேட்பாய். உச்சியிலிருந்து வால் வரைக்கும் ஒரே வேகம், ஒரே அழுத்தம், எங்கேயும் தயங்கவில்லை, எங்கேயும் அவசரப்படவும் இல்லை. சுருள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இடத்துக்கும் வழவழப்பான வயிற்றுக்கும் ஒரே கோடா?

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிற எனக்கு ஜூன் பாதி வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

20.04.2025

மத்தீஸ் ஏழெட்டுக் கோட்டில் தொடங்கவே இல்லை. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

1941-இல் அவருக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. பிழைத்து வந்த பிறகு அந்த வருடமும் அடுத்த வருடமும் தொடர் தொடராக வரைந்து தள்ளினார், பழம், பூ, பெண்கள் என்று. ஒவ்வொரு தொடரிலும் முதலில் கரித்துண்டில் ஒரு படம் போடுவார். போட்டு, அழித்து, தேய்த்து, மறுபடி போட்டு, அந்தப் பொருளோடு மல்லுக்கட்டுவார். காகிதமே சாம்பல் பூத்துப்போகும். அது முடிந்த பிறகுதான் பேனாவிலோ பென்சிலிலோ சுத்தமான கோட்டுப்படங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுமாதிரி, பெரும்பாலும் திருத்தமே இல்லாமல். நம் கண்ணுக்குக் காலண்டரிலும் போனிலும் கிடைப்பது இந்த இரண்டாம் பாகம் மட்டும்தான். முதல் பாகத்தைப் பார்க்காமல் இரண்டாவதை மட்டும் பார்த்தால், காலையில் எழுந்து காபி குடிக்கும் நேரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆகவே தம்பி, நிழல் படம் போட்டதை வீண் என்று நினைக்காதே. அதுதான் உன் கரித்துண்டுப் படம். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சங்கை மட்டும் எதிரில் வைத்து வரை.

20.04.2025, சாயங்காலம்

ஒரு விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது, சிரிப்பு தாங்கவில்லை. தம்பி வரைந்திருப்பது வலம்புரி!

உச்சி மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி சங்கை நிறுத்தினால், சாதாரணச் சங்குக்கு வாய் நம் வலப்பக்கம் விழும். வலம்புரிக்கு இடப்பக்கம். உன் இரண்டு படத்திலும் இடப்பக்கம் இருக்கிறது. போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தாயா? அப்படியென்றால் நான் நேற்றுச் சொன்னதையும் கொஞ்சம் மாற்ற வேண்டும், நிழல் படத்திலேயே சங்கு எதிரில் இல்லை. நிஜ வலம்புரி என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார், ஊரில் யாருக்கும் சொல்லாதே.

ஆனால் இந்த விஷயத்தில் உனக்குப் பெரிய கூட்டாளி இருக்கிறார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சிப்பியைச் செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்தார். தகட்டில் இருப்பது காகிதத்தில் இடவலமாக மாறி விழும் என்பதால் கையெழுத்தை மறக்காமல் திருப்பி எழுதினார், அச்சில் சரியாக வந்தது. சிப்பியைத் திருப்பவில்லை. சுருள் இயற்கையில் இருப்பதற்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் அது பார்த்துப் போட்ட சிப்பி, ஒவ்வொரு கீறலும் சிப்பியின் மேல்தான் ஓடுகிறது.

22.04.2025

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தனிச்செய்தியில் கேட்டிருந்தார், பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். "கடைச் சங்கைத்தானே எல்லாரும் வரைகிறீர்கள், கடலில் முங்கிக் குளித்து எடுத்த சங்கு அப்படியா இருக்கும், மேலே பழுப்புத் தோல் போர்த்தியிருக்குமே, அதை வெறும் கோட்டில் எப்படிக் காட்டுவீர்கள்?"

நல்ல கேள்வி காக்கா. பழுப்பைக் கோட்டில் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். ஆனால் அந்தத் தோல் சொரசொரப்பு, அங்கங்கே உரிந்து வெள்ளை தெரியும். விரலை அதன் மேல் ஓட்டினால் தட்டித் தட்டிப் போகும். பாலிஷ் போட்ட சங்கில் விரல் வழுக்கும். இந்த வித்தியாசம் கோட்டில் வரும்.

நிக்கோலய்டிஸ் என்று ஒரு ஆசிரியர் நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீகில் சொல்லிக்கொடுத்தார். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி, பென்சில் முனை காகிதத்தில் இல்லை, பொருளின் மேலேயே ஊர்ந்து போகிறது என்று நம்பிக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமல், கண் நகரும் வேகத்துக்குக் கையும் நகர வேண்டும் என்பது. படம் கோணல்மாணலாக வரும், வாய் ஒருபக்கம் வால் ஒருபக்கம் போகும். பரவாயில்லை. அப்படிப் போட்ட கோணல் சங்கைக் காட்டினால் காக்கா தோல் சங்கா பாலிஷ் சங்கா என்று சொல்லிவிடுவார், பந்தயம்.

26.04.2025

கோட்டுக்கு எடை எப்படி வருகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அழுத்தம்தான் எளிய வழி. பொருள் மேசையில் உட்காருகிற இடத்தில் அழுத்து, வெளிச்சம் விழுகிற பக்கத்தில் விடு, சில இடத்தில் கோடே வேண்டாம். 2பி பென்சில் போதும், தொட்டு எழுதுகிற நிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, கேமல் இந்தியன் இங்க் ஒரு பாட்டில் வாங்கினால் வருடம் போகும். நம் கரையில் பிரச்சினை காகிதம்தான். கடல் ஈரத்தில் கார்ட்ரிட்ஜ் ஷீட் (தடித்த வரைதாள்) அப்பளமாட்டம் நெளிந்துவிடும், மை பரவும், நிப்பு நாரைப் பிடித்து இழுக்கும். நான் ஷீட்டை பாலித்தீனில் சுற்றி அரிசி டிரம்மில் வைக்கிறேன். அம்மாவுக்குக் கோபம், இருந்தாலும் வேலை செய்கிறது.

27.04.2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அழுத்தம்தான் எடை என்றால் எல்ஸ்வொர்த் கெல்லியை என்ன செய்வது?

அமெரிக்கக்காரர், 1923-இல் பிறந்து 2015-இல் இறந்தார். பெரிய பெரிய ஒற்றை வண்ணப் பலகைகளுக்குப் பெயர் போனவர். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செடி, இலை, பழம் என்று கோட்டில் வரைந்துகொண்டே இருந்தார். 1949-இல் பிரான்ஸில் இருந்தபோது கடற்பாசிகூட வரைந்திருக்கிறார். அவருடைய பென்சில் கோட்டில் தடிப்பு மெலிவு கிட்டத்தட்டக் கிடையாது. நிழல் கிடையாது, மேசை கிடையாது. கம்பியை வளைத்து வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம், அவ்வளவு சீராக இருக்கும். ஆனாலும் அந்த இலை கனக்கிறது. காம்பிலிருந்து தொங்குகிறது என்பது தெரிகிறது.

அப்படியானால் எடை தடிப்பில் மட்டும் இல்லை. படகை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றையும் மணலில் தளர்ந்து கிடக்கும் கயிற்றையும் பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒரே தடிமன்தான், எது இழுவையில் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெல்லியின் கோடு இழுவையில் இருக்கிற கயிறு. எந்த இடத்தில் திரும்புகிறது, எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது, அதில்தான் விஷயம். தம்பியின் லோகோச் சங்கில் எல்லா வளைவும் ஒரே வட்டத்தின் துண்டுகள். நிஜச் சங்கில் எந்த இரண்டு வளைவும் ஒன்றில்லை.

நேற்றுச் சொன்ன அழுத்தத்தை வாபஸ் வாங்கவில்லை. அது இரண்டாம் வேலை என்கிறேன்.

29.04.2025

பாம்பனில் பாசி எடுக்கிற அக்காக்களிடம் கேட்டு ஒரு கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசியும் கொஞ்சம் கஞ்சிப்பாசியும் வாங்கிவந்தேன். காய்ந்தது ஒரு கொத்து, ஈரமாக ஒரு கொத்து. "இதைப் போய் படமா போடப்போறீக" என்று ஒரே சிரிப்பு.

கெல்லி மாதிரி போடலாம் என்ற திமிரில் உட்கார்ந்தேன். மரிக்கொழுந்து அடங்கவே இல்லை. கிளைக்குள் கிளை, எதை விடுவது எதை வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டால் தலைமுடிச் சிக்காகிறது, விட்டால் துடைப்பக்குச்சியாகிறது. கஞ்சிப்பாசி பரவாயில்லை, வழவழவென்று நீளமாகப் போகிறது, ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்கிறது, எது மேலே எது கீழே என்பதை மட்டும் காட்டினால் போதும். ஒரு கோடு இன்னொன்றில் முட்டி நின்றால் அது பின்னால் போய்விட்டது என்று கண் எடுத்துக்கொள்ளும். சாயையே இல்லாமல் ஆழம் கிடைக்கிற மலிவான வழி இது, யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

03.05.2025

ஒருவர் கேட்கிறார், எளிமை என்றால் குறைவான கோடுதானே, அப்படிப் பார்த்தால் நம் ஓவியர் ஆதிமூலம் எளிமையே இல்லையே என்று.

ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியைக் கோட்டிலேயே வரிசையாக வரைந்தார். பேனா மையில் பின்னிப் பின்னிப் போகும் கோடுகள், எண்ண முடியாது. ஆனால் ஒவ்வொரு கோடும் என்ன செய்கிறது என்று தெளிவாக இருக்கிறது. அலங்காரத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. என்னைக் கேட்டால் அதுவும் எளிமைதான். அவர் காந்தி ஸ்டில் லைஃப் (பழம், பாத்திரம் மாதிரி அசையாப் பொருள்களின் படம்) இல்லையே என்று அடுத்து வருவீர்கள், தெரியும். அந்தப் பேனாவை ஒரு கைத்தடியின் மேலோ ஒரு ஜோடிச் செருப்பின் மேலோ ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

07.05.2025

ராமநாதபுரம் போன வேலை சீக்கிரம் முடிந்தது, ராமலிங்க விலாசத்துக்குள் போய்விட்டு வந்தேன். சேதுபதிகளின் அரண்மனை, இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது, சுவரெல்லாம் ஓவியம். எல்லாரும் ராஜாவையும் ராமாயணத்தையும் பார்ப்பார்கள். நான் திண்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன், காவலுக்கு இருந்தவர் சந்தேகமாகப் பார்த்தார்.

வண்ணம் உதிர்ந்த இடங்களில் கோடு மட்டும் நிற்கிறது. அந்தக் கோடு சாமானின் நிழலைப் பற்றிக் கவலையே படவில்லை, உருவத்தை மூடிக் கட்டுகிறது. இது மத்தீஸ் கோடு இல்லை, வேறு வேலை. வண்ணத்துக்கு வரப்பு போடுகிற கோடு. அதனால்தான் தடுமாற்றம் இல்லாமல் ஒரே சீராகப் போகிறது, அங்கே அது சரி. இருபதாம் நூற்றாண்டு ஸ்டில் லைஃபில் கோட்டுக்கு அந்த வேலை போய்விட்டது. உள்ளே நிரப்ப வண்ணம் வராது என்று தெரிந்த பிறகும் வரப்பே போட்டுக்கொண்டிருந்தால், தம்பி, அதுதான் விசிட்டிங் கார்டு.

08.05.2025

"அப்படியானால் மரபு மட்டமா?" என்று சண்டைக்கு வந்திருக்கிறவருக்கு: இல்லை. இன்னொரு முறை படியுங்கள்.

14.05.2025

இன்று மொராண்டி. இவரைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தள்ளிப்போட்டேன்.

ஜியோர்ஜியோ மொராண்டி, 1890 முதல் 1964 வரை. இத்தாலியில் பொலோன்யா ஊரை விட்டு அதிகம் நகரவில்லை, கல்யாணம் இல்லை, சகோதரிகளோடு ஒரே வீடு, அங்கே நுண்கலைக் கல்லூரியில் செப்புத்தகட்டு அச்சு சொல்லிக்கொடுத்தார். வரைந்தது பெரும்பாலும் பாட்டில், குவளை, டப்பா. அதே பாட்டில்கள், வருடக்கணக்காக, இடம் மாற்றி மாற்றி. அச்சுப் படங்களில் பின்னல் பின்னலாகக் கோடு போட்டு நிழலைக் கட்டுவார். கடைசி வருடங்களின் பென்சில் படங்களில் பாதிப் பாட்டில் காணாமல் போய்விடுகிறது. ஒரு கோடு கீழே இறங்கி வரும், பாதியில் நின்றுவிடும். அது இந்தப் பாட்டிலின் வலது ஓரமா, பக்கத்துப் பாட்டிலின் இடது ஓரமா, அல்லது நடுவில் இருக்கிற வெற்றிடத்தின் ஓரமா? மூன்றும்தான். ஒரே கோடு மூன்று பேருக்கும் பொது.

இதைப் பார்த்த பிறகு தூக்குவாளிகளை வைத்து முயற்சி செய்தேன். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தூக்கு மூன்று அளவில் இருக்கிறது. ஒட்டினாற்போல் வைத்தால் இரண்டு வாளிக்கு ஒரு கோடு போதும், சரி. ஆனால் அடிவட்டம் உதைத்தது. மேலிருந்து பார்க்கும்போது வாய் வட்டத்தைவிட அடி வட்டம் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து தெரியும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. நம் கை மேசை தட்டைதானே என்று நினைத்து அடியைத் தட்டையாகப் போட்டுவிடும். வாளி மேசையிலிருந்து நழுவுகிற மாதிரி ஆகிவிடும். நிழல் படத்தில் இதை மூடி மறைக்கலாம். கோட்டில் மறைக்க இடமே இல்லை. வாய் வட்டத்தின் இரண்டு ஓரத்தையும் கூராக்குவதும் அப்படித்தான், மாங்கொட்டை வடிவம் வந்துவிடும், அங்கேயும் வளைவுதான் இருக்க வேண்டும், சின்ன வளைவு.

கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டேன். விட்டது நல்லதா சோம்பேறித்தனமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

15.05.2025

தேவிபட்டினம் தம்பி புதுச் சங்கு போட்டிருக்கிறான், வாய் வலப்பக்கம் வந்துவிட்டது, வாழ்த்துகள், சொத்து போச்சு. வாய் ஓரத்தில் கோட்டை நிறுத்தியிருக்கிறாயே, அந்த இடம் பிரமாதம். வால் மட்டும் இன்னும் கார்டிலிருந்து வந்தது.

24.05.2025

பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைகிற வீடியோக்களை ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள். கை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். சிக்குக்கோலம் போடுகிற நம் பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிக்காசோவும் மிருகங்களை அப்படிப் போட்டு விளையாடியிருக்கிறார். ஆனால் ஒரு குவளையிலிருந்து பக்கத்து எலுமிச்சைக்குப் போக வேண்டும் என்றால், பேனாவை எடுக்கக்கூடாது என்ற விதிக்காக இல்லாத ஒரு பாதையைப் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பாதை பொருளைப் பார்த்து வந்ததில்லை, விதியைக் காப்பாற்ற வந்தது. பேனாவை எடுத்து, எங்கே வைப்பது என்று ஒரு நொடி யோசிக்கிற அந்த இடத்தில்தான் படம் உருவாகிறது என்பது என் அனுபவம். பிரெஞ்சு ஓவியர் செசானின் பென்சில் கோடுகளைப் பாருங்கள், ஒரு ஆப்பிளின் ஓரத்துக்கே இரண்டு மூன்று கோடு, விட்டு விட்டு, எதுவும் முழுதாக மூடாது.

25.05.2025

சொல்ல மறந்தது. மத்தீஸ் 1940-இல் சிப்பி வைத்து ஒரு ஸ்டில் லைஃப் செய்தபோது, காபிப் பாத்திரம், கோப்பை, ஜாடி, ஆப்பிள், சிப்பி எல்லாவற்றையும் காகிதத்தில் தனித்தனியாக வெட்டி, கேன்வாஸில் ஊசி குத்தி இடம் மாற்றிப் பார்த்திருக்கிறார். மேசையின் விளிம்புக்கு நூல் கட்டியிருக்கிறார். நூல்! கோட்டையே கையில் எடுத்து நகர்த்துகிற வசதி.

நம் ஊரில் தங்கூசிக்கும் வலைக்கயிறுக்கும் பஞ்சமா? நானும் ஒரு தெர்மோகோல் பலகையில் பச்சை வலைக்கயிற்றை இழுத்துக் கட்டி மேசைக் கோட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கோடு ஒரு விரற்கடை மேலே போனால் வாளி கனமாக உட்காருகிறது, கீழே வந்தால் மிதக்கிறது. பொருளைத் தொடவே இல்லை. இதை யாராவது பத்தாம் வகுப்பிலேயே காட்டியிருந்தால் எவ்வளவு ரப்பர் மிச்சமாகியிருக்கும்.

02.06.2025

நாட்டுப்படகில் வந்த நீலக்கால் நண்டு ஒன்று வாங்கி வைத்தேன். மேல் ஓட்டின் இரண்டு பக்கமும் நீளும் முள்ளை மட்டும் நேர்க்கோட்டில் இழுத்து, மீதியை வளைவில் விட்டால் போதும் என்று திட்டம். ஓடு வந்துவிட்டது. கால்களுக்குப் பேனா மாற்றிக்கொண்டு வருவதற்குள் அம்மா சட்டியில் போட்டுவிட்டார்கள். "மணக்க ஆரம்பிச்சிருச்சுடா, இன்னும் எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டிருப்ப" என்றார்கள். நியாயம். காலில்லாத நண்டுப் படத்தை இணைத்திருக்கிறேன். காக்காவுக்கு அதுதான் இதுவரை போட்டதில் நல்ல படமாம். கால் போட்டிருந்தால் கெடுத்திருப்பேன் என்கிறார், அப்படியும் இருக்கலாம்.

13.06.2025

நாளை நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது, படகுகளுக்கு ஐஸ் ஏற்ற இன்றே வரிசை நிற்கிறது, இனி ராத்திரி வேலை. பதில் தாமதமாகும்.

நுங்குப் படம் போட்டவருக்கு மட்டும் அவசரமாக: மூன்று கண்ணையும் ஒரே மாதிரி மூடி வட்டம் போட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் திரும்பியிருக்கிற கண்ணைப் பாதியில் விட்டுவிடுங்கள். சீவின இடத்து நார் எல்லாம் வேண்டாம், இரண்டு கீறல் போதும். பேனா எது என்று கேட்டிருந்தீர்கள், சாதாரண பால்பாயிண்டே போதும், ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கையில் இழுகும்.